ராஸ்பெர்ரி பை 4-ஐ டிவியில் மாட்டினால் சில படங்கள் மட்டும் திக்கித் திக்கி ஓடுவது ஏன்?

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவு பலகையில் அடங்கிய முழுக் கணினி. லிப்ரெஎலெக் என்னும் இயங்குதளத்தை மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிப் போட்டால், கோடி (Kodi) என்னும் படம் ஓட்டும் மென்பொருளுடன் நேராகப் படம் காட்டும் பெட்டியாகிவிடும். 8 ஜிபி கார்டே போதும்.

திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை. பை 4-இன் சிப்பில் சில முறைகளை விரிக்கத் தனிச் சுற்று உண்டு: எச்.265 என்றால் 4கே வரை, எச்.264 என்றால் 1080பி வரை. மற்றவற்றை, உதாரணமாக ஏவி1-ஐ, பொதுச் செயலியே கணக்குப் போட்டு விரிக்க வேண்டும். வாய்ப்பாடு மனப்பாடமாக இருப்பவருக்கும் விரல்விட்டு எண்ணுபவருக்கும் உள்ள வேக வித்தியாசம்தான் இது. 4கே ஏவி1 படத்தை இதில் ஓட்ட நினைப்பது வீண் ஆசை.

சந்தேகம் இருந்தால், படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்துங்கள். டிகோடர் (வீடியோவை விரிப்பது) பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (HW) என்றிருந்தால் தனிச் சுற்று வேலை செய்கிறது. எஸ்டபிள்யூ (SW) என்றால் பொதுச் செயலியே விரிக்கிறது.

திரை மூலையில் மின்னல் குறி வந்தால் கதையே வேறு. மின்சாரம் போதவில்லை, செயலி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பழைய போன் சார்ஜரை விட்டுவிட்டு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். 4கே-யில் நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால், மின் இணைப்புக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். கார்டில் உள்ள கன்பிக் (config.txt) என்ற அமைப்புக் கோப்பில் அதற்கான வரியும் தேவை.

8 ஜிபி ரேம் பலகை வாங்கினால் திக்கல் தீரும் என்று பலர் நினைப்பது தவறு. படம் பார்க்க 2 ஜிபியே தாராளம்.