வேலையை விடாதீங்க தங்கச்சி

மட்டக்களப்பு கல்லடியில வீடு, அம்பாறையில தாதி வேலை, கூட வேலை செய்யிற சிங்களப் பெடியனோட கதை கட்டிவிட்டதால அம்மா வேலையை விடச் சொல்றா என்று எழுதியிருக்கீங்க. விடாதீங்க. விட்டால் ஊர் "அப்ப உண்மைதான்" என்றுதான் சொல்லும், சம்பளமும் போயிடும். வீட்டை ஆற்றணுமென்றால் வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போடுங்க. அதுவே பல மாசம் இழுக்கும், அதுக்குள்ள கதையும் ஆறிடும்.

கதை பொய்யென்றால் இவ்வளவுதான். உண்மையென்றால், நம்ம பக்கம் குடி (தாய்வழிக் குலம்) பார்க்கிற ஊர், முதல்ல தாய்மாமனிட்ட சொல்லுங்க. அவர் வேற வாயால கேட்டால் காரியம் கெட்டுது.

கலப்புத் திருமணம் பொதுச் சட்டத்தில பதிவாகும், மதம் மாறத் தேவையில்லை. பெடியன் கண்டியச் சிங்களவரென்றாலும் கண்டியச் சட்டம் உங்களுக்கு வராது. இரண்டு பேரும் வேற வேற பதிவாளர் பிரிவில இருந்தால் அவரவர் பதிவாளரிட்ட திருமண அறிவித்தல் கொடுக்கணும், அதுக்கு முன் 10 நாளாவது அங்க வசிச்சிருக்கணும். திருமணம் செய்யலாம் என்கிற பதிவாளர் சான்றிதழ் 12 நாளுக்குப் பிறகுதான். அந்த அறிவித்தலை அலுவலகத்தில ஒட்டுவாங்க; ஊருக்குக் கதை அங்கயிருந்தும் கசியலாம். காத்திருக்க முடியாட்டி விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். சாட்சி 2 பேர் வேணும்.

சீதன வீடு மருமகன்ட கைக்குப் போயிடுமோ என்ற பயமும் அம்மாவுக்கு இருக்கும். தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழர்ட வழமைச் சட்டம்) மட்டக்களப்புக்குப் பொருந்தாது. உறுதி (வீட்டுப் பத்திரம்) உங்கட பேரில இருந்தால் வீடு உங்கடதான், விற்கக் கணவர்ட கையெழுத்தும் தேவையில்லை. இதை அம்மாவுக்கு உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசு வாயால சொல்ல வையுங்க, நீங்க சொன்னால் நம்பமாட்டா.