ஜாவா கார்புரேட்டர் ஒழுகல்: ஃப்ளோட்டை முதல்ல பாருங்க

சார், நீடில் (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற வழியை மூடுற ஊசி) புதுசு மாத்தியும் உங்க பழைய ஜாவா மோட்டார் சைக்கிளை ராத்திரி நிறுத்தினா காலைல கார்புரேட்டர் அடியில பெட்ரோல் சொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு முதல் சந்தேகம் பித்தளை ஃப்ளோட் மேலதான், அதாவது பெட்ரோல்ல மிதந்து மேல எழும்பி நீடிலை மூட வைக்கிற மிதவை.

கழட்டி, காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. உள்ளே சளக் சளக்னு கேட்டா ஓட்டை உறுதி. பெட்ரோல் புகுந்து கனத்த ஃப்ளோட் மேல எழும்பாது, நீடிலும் மூடாது. ஓட்டை எங்கேன்னு தெரிய, அடுப்பை அணைச்சு, தள்ளி எடுத்துட்டுப் போன வெந்நீர்ல முக்குங்க. பொடிப்பொடியா குமிழி வர்ற இடத்தைக் கீறி அடையாளம் வைங்க. பெரும்பாலும் ரெண்டு பாதி சேர்ற ஓரத்துலதான் இருக்கும். உள்ளே இருக்கிற பெட்ரோல் முழுக்க வெளியேறி வாடையே போகணும். அதுக்கு முன்னாடி சால்டரிங் அயர்னைத் தொடவே தொடாதீங்க. ஓட்டையை அடைக்க ஈயம் துளிதான். எடை கூடினா பெட்ரோல் மட்டம் ஏறி மறுபடி வழியும்.

சத்தம் இல்லைன்னா நீடில் உட்கார்ற சீட்டைப் பாருங்க. அங்க தேய்மானமோ டேங்க் துருவோ இருந்தா புது நீடிலும் பிடிக்காது.

இந்த பைக்கைத் தயாரிச்ச மைசூர் ஆலை 1996ல மூடினதுக்கு அப்புறம் ஒரிஜினல் பாகம் அரிது. பழசைத் தூக்கிப் போடாம பெங்களூர் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குக் கையோட கொண்டு போய், உயரமும் எடையும் ஒத்துப் பார்த்து வாங்குங்க.

அதுவரைக்கும் நிறுத்தினதும் பெட்ரோல் டேப்பை மூடிடுங்க. டூ ஸ்ட்ரோக்ல வழியுற பெட்ரோல் இன்ஜின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள்ளயும் இறங்கும். வண்டியை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தயவுசெஞ்சு விடாதீங்க, ஆவி அங்கேயே தேங்கும். ஆட்டிப் பார்த்துட்டு சத்தம் வந்துச்சான்னு எழுதுங்க சார்.