நாலு வாத்தியம், ஒரே மெட்டு: இசைக் கேள்வி-பதில்

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது எனக்கு. ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், சற்றுப் பெரிய வியோலா, அடிநாதம் தரும் பெரிய செல்லோ என நாலும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை) கேட்டால் முதல் வயலின் மட்டும்தான் காதில் விழுகிறது, மற்ற மூன்றும் குழம்பிப்போகின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: இசையமைப்பாளர் ஹைடனிலிருந்து தொடங்குங்கள். அவருடைய ஓபஸ் 76-இல் (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) மூன்றாவது குவார்டெட்டை ‘எம்பரர்’ என்பார்கள். அதன் இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழெட்டு நிமிடம்தான். 1797-இல் வியன்னாவில் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் என்பவரின் பிறந்தநாளுக்காக ஹைடன் போட்ட பாட்டின் மெட்டுதான் இதற்கு அடிப்படை. இன்று அது ஜெர்மனியின் தேசிய கீதம். கால்பந்து ஆட்டங்களுக்கு முன் கேட்டிருப்பீர்கள். ஆகவே மெட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் முதல் வயலின் மெட்டை வாசிக்கும். பிறகு நாலு சுற்று. முதல் சுற்றில் இரண்டு வயலின்கள் மட்டும். மெட்டு இரண்டாம் வயலினிடம் இருக்கும். முதல் வயலின் அதைச் சுற்றி வேகமாகக் கோலம் போடும். பலரும் தவறவிடுவது இங்கேதான், மேலே ஓடுவதன் பின்னாலேயே காது போய்விடும். கீழே நிதானமாகப் போவதைப் பிடியுங்கள். இரண்டாம் சுற்றில் மெட்டு செல்லோவுக்கு இறங்கும், மூன்றாவதில் வியோலாவுக்கு. வியோலாவின் தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் (ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி) தாழ்ந்தவை. நாதம் சற்றே மங்கலாக இருக்கும், அதனால் நாலில் அதைப் பிரித்துக் கேட்பதுதான் கடினம். கடைசிச் சுற்றில் மெட்டு முதல் வயலினுக்கே திரும்புகிறது. ஆனால் அடியில் மற்ற மூன்றும் சேர்க்கும் ஸ்வரங்கள் மாறிவிட்டதால், அதே மெட்டுக்கு வேறு முகம் வந்துவிடும். கேட்கக் கேட்க அலுக்காத இடம் அது.

நிரவலில் சாகித்யம் அப்படியே இருக்க, சங்கீதம் மாறும். இங்கே மெட்டு அசையாது, சுற்றியிருப்பதுதான் மாறும். இதைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை கேளுங்கள், தடவைக்கு ஒரு வாத்தியம்: முதலில் செல்லோ, அடுத்து வியோலா, இரண்டாம் வயலின், கடைசியாக முதல் வயலின்.

இன்னொன்று. தம்பூரா இல்லையே என்று ஆதார சுருதியைத் தேடாதீர்கள். இந்தக் குவார்டெட்டிலேயே முதல் பகுதியின் பஞ்சமம்தான் (ப) இரண்டாம் பகுதிக்கு ஷட்ஜமம் (ஸ). ஒரே பகுதிக்குள்ளும் ஷட்ஜமம் இடம் மாறும்.

கேள்வி: ஸ்ட்ரிங் குவார்டெட்டைப் போனில் கேட்கிறேன். மெல்லிய இடம் கேட்பதே இல்லை, ஒலியைக் கூட்டினால் சற்று நேரத்தில் அலறுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கோவை

பதில்: பதிவில் கோளாறு இல்லை. சினிமாப் பாட்டில் மெல்லியதையும் உரத்ததையும் பெரும்பாலும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிவிடுவார்கள்; இந்த இசையில் அவ்வளவாகச் செய்வதில்லை. எனவே உரத்த இடத்தை வைத்து ஒலியளவை முடிவு செய்யுங்கள். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828-இல் ஐந்து வாத்தியங்களுக்கு எழுதிய ஸி மேஜர் குவின்டெட்டின் இரண்டாம் பகுதி இதற்கு நல்ல உரைகல். தொடக்கம் மூச்சு விடுவது போல இருக்கும், நடுவில் புயல் அடிக்கும். புயல் காதை உறுத்தாத அளவில் நிறுத்திவிட்டுத் தொடக்கத்துக்கு வாருங்கள், பிறகு கை வைக்காதீர்கள். அப்போதும் தொடக்கம் கேட்கவில்லை என்றால் சீலிங் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

போனின் சொந்த ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; அந்தச் சிறு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. சாதாரண வயர் ஹெட்போனே போதும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் அவற்றுக்கிடையே ஆறடி, உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆறடி என முக்கோணமாக வையுங்கள். சுவரோடு ஒட்டினால் செல்லோ உப்பிப்போய் வியோலாவை மூடிவிடும்.

செயலியின் அமைப்பில் ‘கிராஸ்ஃபேட்’ (ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலப்பது) அணைந்திருக்கட்டும், ‘கேப்லெஸ்’ (இடைவெளி விடாமல் தொடர்வது) இயங்கட்டும். பேத்தோவனின் ஓபஸ் 131 குவார்டெட்டில் ஏழு பகுதிகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. அங்கே அரை நொடி மௌனம் விழுந்தாலும் நூல் அறுந்துவிடும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு லண்டன் போகிறேன். விக்மோர் ஹாலில் எங்கே உட்காரலாம்? எப்போது கைதட்டுவது?
- வாசகர், மதுரை

பதில்: 1901-இல் திறந்த அரங்கம், ஏறக்குறைய 550 இருக்கைதான். எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும். முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள்: எல்லோரும் சேர்ந்து எடுப்பதற்கு முன் முதல் வயலின்காரர் மூக்கால் இழுக்கும் மூச்சும், வில் தந்தியைக் கடிக்கும் ஓசையும் எந்தப் பதிவிலும் இவ்வளவு கிட்டத்தில் கிடைக்காது. நாலும் ஒன்றாகக் கலந்து கேட்க வேண்டுமானால் நடுவரிசை.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை. நிகழ்ச்சி நிரலில் எத்தனை பகுதி என்று பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே அவர்கள் சுருதி சேர்த்தால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், மேடை விளக்கின் சூட்டில் தந்தி இளகும். எல்லாம் முடிந்து விற்கள் கீழே இறங்கிய பிறகு தட்டுங்கள். தொடையில் தாளம் போடலாம், சத்தம் வராமல்.