செகண்ட் ஹேண்ட் எக்ஸ்3-யா, புது வி-கிராஸா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், மேடவாக்கத்துல அபார்ட்மென்ட்ல இருக்கோம். வீட்ல நான், மனைவி, அம்மா, ரெண்டு பசங்க. உத்திரமேரூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆனா கிளம்பிடுவேன். போகும்போது உர மூட்டை, ட்ரிப் பைப்பு, வரும்போது தேங்காய், வாழைத்தார்னு வண்டில ஏதாச்சும் இருந்துட்டே இருக்கும். இப்ப இருக்கிற ஸ்விஃப்ட் இதுக்கு மேல தாங்காது. பட்ஜெட் 35 லட்சம். 2019 பிஎம்டபிள்யூ எக்ஸ்3 டீசல் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், கிட்டத்தட்ட அதே காசுக்கு பின்னாடி தொட்டி வச்ச பிக்கப், புது இசுசு வி-கிராஸும் வருது. மச்சான் பிஎம்டபிள்யூவையே எடுங்க மாமான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எது எடுக்கலாம்?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: மச்சான் ஞாயித்துக்கிழமை உங்ககூட வந்து மூட்டை தூக்குவாரான்னு முதல்ல கேட்டுக்குங்க.

விலைக் கணக்குல இருந்து வருவோம். அந்த எக்ஸ்3 புதுசுல ஷோரூம் விலையே 50 லட்சத்துக்கு மேல. இப்ப 30 சொச்சத்துக்கு கிடைக்குதுன்னா இறங்கினது வண்டி விலை மட்டும்தான், அதோட ஹெட்லைட்டு, சஸ்பென்ஷன் ஆர்ம், சென்சாரு, டயரு எதுவும் செகண்ட் ஓனர்னு பார்த்து விலையை குறைச்சுக்காது, சர்வீஸ் சென்டர்ல லேபர் சார்ஜும் அப்படித்தான். அதாவது நீங்க வாங்குறது 35 லட்ச ரூபா வண்டி, பில்லு மட்டும் 50 லட்ச ரூபா வண்டிக்கு வரும். சிலர் "பிஎம்டபிள்யூ ஃபேக்டரி நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கம்தானே இருக்கு, பார்ட்ஸ் சீப்பா கிடைக்காதா"ன்னு கேக்குறாங்க. 2007-ல இருந்து இருக்கு, நீங்க நிலத்துக்கு போற வழிலதான், ஆனா அங்க நடக்கிறது பெரும்பாலும் வெளிய இருந்து வர்ற பாகங்களை கோர்க்கிற அசெம்பிளி வேலை, பக்கத்துல ஃபேக்டரி இருக்கிறதால கவுன்டர்ல பார்ட்ஸ் விலை குறையாது.

ஓட்டுறதுக்கு எக்ஸ்3 அருமையான வண்டி, அதுல சந்தேகமே இல்ல. ஜிஎஸ்டி ரோட்ல பரனூர் டோல் தாண்டி ஒரு அழுத்து அழுத்தினா அந்த சுகம் வேற. பிரச்னை உத்திரமேரூர் ரோட்ட விட்டு உங்க நிலத்துக்கு திரும்புற மண் பாதைல ஆரம்பிக்கும். இந்த வண்டிகள்ல நிறைய ரன்-ஃபிளாட் டயர்தான், காத்து போனாலும் மெதுவா கொஞ்ச தூரம் ஓட்டலாம்னு அர்த்தம், ஆனா பக்கவாட்டுல கிழிஞ்சா ஊர் பஞ்சர் கடைக்காரர் கையை விரிச்சிடுவார், பல வண்டில ஸ்டெப்னியும் ஒழுங்கா இருக்காது. அப்புறம் அந்த டிக்கில யூரியா மூட்டைய போட உங்களுக்கே மனசு வராது. ரெண்டாவது வாரமே பழைய ஸ்விஃப்ட்ட வித்திருக்க வேணாமோன்னு தோணும்.

அப்ப வி-கிராஸ். நம்ம தடா பக்கத்துல ஸ்ரீசிட்டில பண்றது, 2016-ல இருந்து வருது, இப்ப இருக்கிறது 1.9 லிட்டர் டீசல், 163 பிஎஸ். ஏணி மாதிரி கனமான அடிச்சட்டம் (லேடர் ஃபிரேம்), மண் ரோட்ல எங்க வேணா விடலாம், கீறல் விழுந்தாலும் பெருசா வலிக்காது. உங்க வேலைக்கு இதுதான் என் ஓட்டு, ஆனா ரெண்டு மூணு விஷயம் பார்க்காம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

நீளம் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல ஒரு கார் பார்க்கிங்னு கோடு போட்டு குடுக்கிறது பொதுவா 5 மீட்டர் நீளம், ரெண்டரை மீட்டர் அகலம். பின்னாடி சுவர ஒட்டி நிறுத்தினாலும் மூக்கு ஒரு அடி வெளிய நீட்டிட்டு நிக்கும், எதிர்ல இருக்கிறவர் வண்டிய திருப்பி எடுக்கிற இடம் அதுதான், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரத்துல ஃபோட்டோ வந்துடும். டேப்ப எடுத்துட்டு போய் அளந்துடுங்க, தூண் எங்க இருக்குன்னும் பாருங்க, ரேம்ப்ல இறங்கி திரும்ப இடம் இருக்கான்னும் பாருங்க.

அடுத்தது அம்மா. டெஸ்ட் டிரைவ்ல நீங்க ஸ்டியரிங் பிடிச்சு பார்த்து ஒண்ணும் ஆகப் போறதில்ல, அம்மாவ பின் சீட்ல உட்கார வைங்க. ஏறுறதுக்கு உயரம் ஜாஸ்தி, சைடு ஸ்டெப் இருந்தாலும் கைப்பிடி பிடிச்சு தம் கட்டித்தான் ஏறணும். உள்ள பின் சீட்டு முதுகு கொஞ்சம் நேரா நிக்கும், சாய்ச்சுக்க முடியாது. பின்னாடி லீஃப் ஸ்பிரிங் வேற, அது சுமைக்குன்னு வச்சது, தொட்டி காலியா இருந்தா ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கித் தூக்கிப் போடும், மூட்டை ஏத்தினாதான் வண்டி அடங்கும். நல்லா மேடு பள்ளம் இருக்கிற ஒரு ரோட்ல அரை மணி நேரம் சுத்திட்டு இறங்கும்போது அம்மா முகத்தைப் பாருங்க, பதில் அதுல இருக்கும்.

சுமை பத்தி இன்னொண்ணு. தொட்டி பெருசா இருக்கேன்னு இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. பிரோஷர்ல மொத்த எடை, வெறும் வண்டி எடைன்னு ரெண்டு இருக்கும், ஒண்ணுல இருந்து ஒண்ண கழிச்சா வர்றதுதான் பேலோடு, அதுலயே ஆளுங்க எடையும் சேரும். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. குடும்பமே ஏறிட்டு மூட்டையும் ஏத்தினா சீக்கிரமே கோட்டைத் தாண்டிடுவீங்க. நீங்க மட்டும் போற ஞாயித்துக்கிழமைக்கு தாராளம். மழைக்கு தார்ப்பாய் இல்ல மூடி ஒண்ணு செலவுல சேர்த்துக்குங்க.

பார்க்கிங்ல இடிக்குது, அம்மாவுக்கும் ஒத்து வரலைன்னா அப்பவும் எக்ஸ்3 பக்கம் போகாதீங்க. சாதாரணமா ஒரு புது எஸ்யூவி 20 லட்சத்துக்குள்ள எடுத்துட்டு, உரம் இறக்குற அன்னிக்கு மட்டும் ஒரு குட்டியானை வாடகைக்கு பிடிச்சுக்குங்க. மிச்ச காசுல எத்தனை வருஷத்துக்கு குட்டியானை ஓடும்னு கணக்கு போட்டு மச்சான்கிட்ட காட்டுங்க.

கேள்வி: டெல்லி ரெஜிஸ்ட்ரேஷன் 2013 எக்ஸ்3 டீசல், ஒரு புரோக்கர் 9 லட்சம் சொல்றார். நம்பி வாங்கலாமா?
- வாசகர், போரூர்

பதில்: டெல்லி வண்டி ஏன் சீப்புன்னா 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு அங்க தடைன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னதுல இருந்து அந்த ஊர் வண்டிங்க தெற்கே இறங்க ஆரம்பிச்சது, 2025-ல சுப்ரீம் கோர்ட் அந்த தடைய கொஞ்சம் தளர்த்திடுச்சு. அதுலயும் நல்ல வண்டி இருக்கு, ஆனா 9 லட்சத்தோட கதை முடியாது. அந்த ஊர் ஆர்டிஓ என்ஓசி, அதாவது தடையில்லா சான்று வேணும், லோன் இருந்திருந்தா பேங்க் என்ஓசி தனி, இங்க வந்து வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ் மறுபடி கட்டணும். அந்த தொகை எவ்வளவுன்னு நீங்களே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க, புரோக்கர் சொல்ற கணக்கு வேணாம்.

இந்த வருஷ மாடல்ல எனக்கு பெரிய பயம் எஞ்சின்தான். அப்ப 2 லிட்டர் டீசல்ல வந்தது என்47 எஞ்சின், அதோட டைமிங் செயின் தேயுறது உலகம் பூரா பேர் போன பிரச்னை. செயின் கியர்பாக்ஸ் பக்கமா பின்னாடி இருக்கு, அதனால மாத்தணும்னா பெரும்பாலும் எஞ்சினையே வெளிய எடுக்க சொல்லிடுவாங்க, பில்லு வண்டி விலைல கணிசமா கடிச்சுடும். வண்டி பார்க்க காலைல போங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானெட் மேல கைய வச்சு பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. கோல்டு ஸ்டார்ட்ல பின்பக்கமா இருந்து கரகரன்னு சத்தம் வந்தா பேச்சே வேணாம். சர்வீஸ் ஹிஸ்டரி, ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டும் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காசு கட்டி எடுங்க, அந்த சில ஆயிரத்துக்கு யோசிக்கிறவர் இந்த வண்டிய நினைக்கவே கூடாது.

கேள்வி: ஆடி க்யூ7 ஒண்ணு நம்ப முடியாத விலைல வருது. வெள்ளத்துல மாட்டின வண்டியான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேளச்சேரில இருந்துட்டு இந்த கேள்வி கேக்குறீங்க, கரெக்டா கேட்டீங்க மேடம். 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் ரெண்டுலயும் பேஸ்மென்ட்ல முங்கின வண்டிங்க எல்லாம் ஸ்கிராப்புக்கு போயிடல. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, அடியில இருக்கிற அந்த கடைசி ஒரு அடில சேத்துக் கறை கோடு மாதிரி நிக்கும், பாலிஷ் போடுறவங்க அவ்வளவு தூரம் இழுத்து கழுவ மாட்டாங்க. சீட்டு தண்டவாளத்து போல்ட்ல துரு, ஸ்டெப்னி குழில மண்ணு, உள்ள ஏறினதும் சென்ட் வாடை தூக்கலா அடிக்கிறது, இதெல்லாம் சந்தேகம்தான். இந்த மாதிரி வண்டில கன்ட்ரோல் யூனிட்டுங்க சீட்டுக்கு அடிலயும் டிக்கி தரைலயும் இருக்கும், க்யூ7-ல பேட்டரியே சீட்டுக்கு கீழ, அதனால முழங்கால் அளவு தண்ணி உள்ள வந்திருந்தாலே போதும், ஒவ்வொண்ணா சாகும். இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரிய கண்டிப்பா கேளுங்க.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தா ராத்திரி நிறுத்தின வண்டிய காலைல போய் பாருங்க, ஒரு மூலை மட்டும் இறங்கி நின்னா காத்து லீக் ஆகுது, அதை விட்டு வச்சா கம்ப்ரஸரும் ஓயாம ஓடி புடுங்கிக்கும்.

கேள்வி: ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வீடு தி.நகர். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் எடுத்து முன்னாடி புல் பார் (இரும்புக் கம்பி கார்டு) போடணும்னு ரொம்ப நாள் ஆசை. வெள்ளம் வந்தா தப்பிச்சுக்கலாமே?
- வாசகர், தி.நகர்

பதில்: புல் பார் 2017 டிசம்பர்லயே தடை, அதை மறந்துடுங்க. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் போகும்னு கம்பெனி சொல்றது உண்மை, ஆனா அதுக்காக வருஷத்துல ரெண்டு நாள் மழைக்கு தி.நகர் சந்துல தினமும் 5.3 மீட்டர் வண்டிய திருப்பப் போறீங்களா? 2.8 லிட்டர் டீசல், வெறும் ஆபீஸ், வீடுன்னு டிராஃபிக்ல உருட்டினா டிபிஎஃப், அதான் புகைல கரியப் பிடிக்கிற ஃபில்டர், அது வேற அடைக்கும். மழை பயம்தான்னா இருக்கிற காருக்கே இன்சூரன்ஸ்ல எஞ்சின் புரொடெக்ட் போட்டுக்குங்க, சாதா பாலிசில எஞ்சினுக்குள்ள தண்ணி போனா குடுக்க மாட்டாங்க.

கேள்வி: கேட்டரிங் பண்றேன். வி-கிராஸுக்கு பதிலா மஞ்சள் போர்டு பொலேரோ கேம்பர் எடுத்தா தொந்தரவா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: தொழிலுக்குன்னா அதுதான் சரி, வெள்ளை போர்டுல வாடகைக்கு சரக்கு ஏத்தி மாட்டிக்காதீங்க. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்ல. எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று) மட்டும் முதல் 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். லைசென்ஸ் கவலையும் வேணாம், சாதாரண எல்எம்வி (கார் ஓட்டுற) லைசென்ஸ்லயே 7,500 கிலோ வரைக்கும் டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பின்னாடி தொட்டில மட்டும் பரிமாறுற பசங்கள ஏத்தாதீங்க, போலீஸும் பிடிப்பாங்க, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸும் வராது.