நகை வடிவம் எங்கே பிறக்கிறது? – ஒரு தனிப்பட்டறைக்காரியின் கேள்வி பதில்

பத்தொன்பது வருடமாக வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையில் வெள்ளி நகை செய்கிறேன். கடைக்குச் சரக்கு போடுவதில்லை. ஒரு வடிவத்தில் ஒரு நகைதான். வடிவமைப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, முதலில் நோட்டில் வரைந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவீர்களா?

கொஞ்சம் கிறுக்குவேன், மறந்துவிடாமல் இருக்க. ஆனால் தாளில் வரைந்த தோடுக்குக் கனம் கிடையாது, அது ஆடாது, கழுத்தில் இடிக்காது. அதனால் சீக்கிரமே கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள். வெட்டி, நூலில் கட்டி, என் காதிலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

போன வருடம் கழுத்தை ஒட்டிய பட்டை ஒன்றுக்குப் பதினொரு அட்டை மாதிரி வெட்டினேன். மூன்றாவதிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தோழிக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நின்றன. நான் கழுத்தை வட்டமாக நினைத்து வெட்டியிருந்தேன். உண்மையில் அது தோளை நோக்கிச் சரிகிற இடம். முன்பக்கம் காறை எலும்பு வேறு மேடாக நிற்கிறது. பட்டையை நேராக வெட்டாமல் வில்லாக வெட்டிய பிறகுதான் படிந்து உட்கார்ந்தது. அந்த வளைவு எந்த நோட்டிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

அட்டைக்குப் பிறகு செம்புத் தகடு. விலை குறைவு, வளைவதும் வெள்ளிக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி. அதில் சரிவந்த பிறகுதான் வெள்ளியைத் தொடுவேன்.

எனக்கு வரையவே வராது, மேடம். இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக வாருங்கள். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் கம்பியை வளைத்து, சுத்தியலால் தட்டிச் செய்தவை. பற்றவைப்பதைக்கூட முடிந்தவரை தவிர்த்து, கம்பியைச் சுற்றியும் ஆணி அடித்தும் இணைத்தார். அவர் கோடு போட்டதே கம்பியில்தான். நீங்களும் ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் ஒரு குறடும் வாங்கி, ஒரே கருத்தைப் பத்து விதமாக வளைத்துப் பாருங்கள். ஏழாவது, எட்டாவதில்தான் உங்களுடையது என்று ஏதாவது வரும்.

வாடிக்கையாளர் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி யோசிப்பீர்கள்?

ஒரு வாரம் அந்தக் கல்லோடு இருப்பேன். காலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, ராத்திரி டியூப்லைட்டில் ஒரு முறை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அமெரிக்க நகைக் கலைஞர் மார்கரெட் டி பட்டாவின் வேலைகள். 1940களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாகியிடம் படித்தவர் அவர். கல் பட்டை தீட்டும் ஃப்ரான்சிஸ் ஸ்பெரிசனோடு சேர்ந்து, ஒளி கல்லுக்குள் எப்படி வளைந்து வருகிறது என்பதையே வடிவமாக்கினார். உலோகம் பிடித்திருப்பதே தெரியாமல் கல் அந்தரத்தில் நிற்பது போலிருக்கும்.

அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியதும் உண்டு. ஒருவர் அம்மாவின் கெம்புக்கல்லை மோதிரமாகக் கேட்டார். லென்ஸில் பார்த்தால் விரிசல் விளிம்பு வரை ஓடியிருந்தது. மோதிரம் கதவிலும் பாத்திரத்திலும் இடிபடும். கல்லைப் பிடிக்கும் கொக்கிக் கால்களால் அழுத்தினால் அந்த இடத்திலேயே பிளக்கும். பேசிப் பேசி, சுற்றிலும் மெல்லிய தகட்டு விளிம்பு கட்டிய பதக்கமாகச் செய்தோம். முத்து, ஓபல் போன்ற மென்மையானவற்றுக்கும் என் முதல் ஆலோசனை காதோ கழுத்தோதான்.

பாம்படம், தண்டட்டி மாதிரி பழைய காது நகைகளைப் பார்த்துச் செய்வது காப்பி ஆகாதா?

வெளிக்கோட்டை மட்டும் எடுத்தால் காப்பிதான், தம்பி. பாம்படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டியாகத் தெரிகிற கனசதுரமும் உருண்டையும் வெளியே மெல்லிய தங்கத் தகடுதான், வயிற்றில் அரக்கு. குறைந்த பொன்னில் அவ்வளவு பெரிய உருவத்தை ஆசாரி எப்படி எழுப்பினார் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நான் 0.4 மில்லிமீட்டர் வெள்ளித் தகட்டில் உள்ளே வெறும் கூடான தோடுகள் செய்கிறேன், ஒன்று ஏழு கிராமுக்குள். கூட்டை முழுதாக மூடிப் பற்றவைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடிக்கும். அதனால் ஒரு துளை வேண்டும். அதை எங்கே வைப்பது என்று பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் காதுக் கம்பி நுழைகிற இடத்திலேயே வைத்தேன். இப்போது அந்தத் துளையில்லாமல் அந்த வடிவமே இல்லை.

கம்ப்யூட்டரில் வரைந்து மெழுகில் பிரிண்ட் எடுப்பது பற்றி?

பொடிக்கல் வரிசைக்கு அருமையான வழி. ஆனால் திரையில் மோதிரம் தட்டு அளவுக்குத் தெரியும், நுணுக்கத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். அவ்வப்போது நிஜ அளவில் தாளில் அச்செடுத்துப் பாருங்கள். வார்க்கும்போது மெழுகு உருகிப் போன இடத்தில்தான் உலோகம் நிறையும். அதனால் அதற்கு முன் மெழுகை எடை போடுங்கள்: நகையின் எடை அதைப்போல் வெள்ளியில் ஏறத்தாழ 10.5 மடங்கு, 22 காரட் தங்கத்தில் ஏறத்தாழ 18 மடங்கு வரும்.

வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்?

இரண்டு நாள் போட்டுக்கொண்டு சமைப்பேன், தூங்குவேன், பஸ்ஸில் போவேன். முடி சிக்குகிறதா, சேலை நூலை இழுக்கிறதா என்று பார்ப்பேன். சிக்கினால் மறுபடி அரம்தான். கழற்றியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். போட்டிருக்கிறவரின் தோலில் படுவது அந்தப் பக்கம்தானே.