முனையில் இருக்கும் சின்னத் துண்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் கார் இன்ஜின்கள் பற்றி எழுதியபோது ஜப்பானின் மஸ்டா கார் கம்பெனிப் பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவை ‘ரோட்டரி இன்ஜினின் தந்தை’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இதை வகுப்பில் சொன்னேன். ‘அதைக் கண்டுபிடித்தது ஜெர்மனிக்காரர் வாங்கெல், ஜப்பான்காரர் அதை ரிப்பேர் பார்த்தார், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் படித்தால் அவர்கள் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவர் அத்தனை வருடம் பாடுபட்ட இன்ஜினை இன்று சாலையில் பார்க்க முடிவதில்லை. எனக்கு இன்ஜின் மேல்தான் ஆசை. ஆனால் எல்லாரும் பேட்டரி பக்கம் போ என்கிறார்கள். அவருடைய உழைப்பு வீண்தானா?

ஒரு மாணவர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் தவறு. ‘தந்தை’ என்று எழுதியது சரியில்லை. அந்த இன்ஜினின் கருத்து ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. கல்லூரிப் பட்டமோ ஓட்டுநர் உரிமமோ இல்லாத மனிதர் அவர். பல வருடம் மண்டையில் சுமந்து திரிந்த அந்த எண்ணம் 1957 பிப்ரவரியில் நெக்கர்சுல்ம் என்ற ஊரில் இருந்த என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. அதுவும் இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் இல்லை, அதை எளிமையாக்கிக் கொடுத்தவர் அங்கேயே இருந்த ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. அதனால் உங்கள் வகுப்பில் சொன்னதில் பாதி சரி. ‘ரிப்பேர் பார்த்தார்’ என்ற மீதிப் பாதியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நின்று நின்று ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கெலின் இன்ஜினில் அந்த நிற்றலே இல்லை. இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலையின் தோடு மாதிரி, இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றுகிறது. சுற்றும்போது அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம் விரியும், சுருங்கும். உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் அந்த இடத்திலேயே நடந்துவிடும். வால்வு இல்லை, அதைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இல்லை, பிஸ்டனை ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் இல்லை. ரோட்டர் ஒரு சுற்று வந்தால் ஷாஃப்ட் மூன்று சுற்று வரும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான இன்ஜின் கிடையாது, அதனால்தான் உலகத்திலுள்ள பெரிய கம்பெனிகள் பலவும் என்எஸ்யுவிடம் உரிமம் வாங்க வரிசையில் நின்றன.

சிக்கல் இருந்தது அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளில். முனை எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்குள் ஓடிவிடும். பிஸ்டனுக்கு ரிங் இருப்பது மாதிரி இங்கே ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு மெல்லிய பட்டையை வைத்து, அடியில் ஒரு ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். முனை சீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங் நேரான உருளையில் ஒரே மாதிரி ஏறி இறங்கும், ஆனால் இந்தப் பட்டை சுவரை ஒரு கோட்டில் மட்டும் தொடுகிறது, தொடும் கோணமும் நொடிக்கு நொடி மாறுகிறது. அதுவும் நெருப்புக்குள்.

டோயோ கோக்யோ (பிற்பாடு மஸ்டா என்று பெயர் மாறிய கம்பெனிதான்) 1961ல் இந்த உரிமத்தை வாங்கிய பின்னணியைச் சொல்லாமல் விட முடியாது. ஹிரோஷிமாவில் 1920ல் கார்க் செய்யத் தொடங்கி, மூன்று சக்கர லாரிக்கு வந்து, அப்போதுதான் காருக்குள் காலடி வைத்திருந்த கம்பெனி அது. சின்னச் சின்ன கார் கம்பெனிகளையெல்லாம் பெரியவர்களோடு சேர்த்துவிடலாம் என்று ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்த காலம். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று நம் கையில் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்று அதன் தலைவர் சுனேஜி மட்சுதா முடிவெடுத்தார். வாங்கி வந்த இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் கூட்டின் உள்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல். அதற்கு அங்கே வைத்த பெயர் ‘பிசாசின் நகக் கீறல்’. போதாததற்கு இன்ஜின் மெதுவாக ஓடும்போது காரே உதறியது, எண்ணெய் உள்ளே கசிந்து பின்னால் வெள்ளைப் புகை கக்கியது.

இந்த வேலைக்காக 1963 ஏப்ரலில் ஒரு தனிப் பிரிவு ஆரம்பித்து, யமமோட்டோவை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். மொத்தம் 47 பேர். தங்கள் எஜமானுக்காகப் பழி தீர்த்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்தப் பெயரையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

யமமோட்டோ 1922ல் பிறந்தவர், ஹிரோஷிமாவில் வளர்ந்தவர். டோக்கியோவில் இயந்திரப் பொறியியல் முடித்தது 1944ல். அடுத்த வருடம் அணுகுண்டு அவருடைய ஊரையே அழித்தது, அதில் அவருடைய சகோதரி இறந்துபோனார். ஹிஜியாமா குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் டோயோ கோக்யோவின் தொழிற்சாலை தப்பியது. அங்கே 1946ல் வேலைக்குச் சேர்ந்தார், அதுவும் பொறியாளராக இல்லை. நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், மூன்று சக்கர லாரிக்கு கியர்பாக்ஸ் கோர்க்கும் தொழிலாளியாக நின்றார். கைக்குக் கிடைத்த வரைபடங்களையெல்லாம் எடுத்துப் படிப்பாராம். அதைக் கவனித்து வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். 30 வயதுக்குள்ளேயே அந்த லாரிக்குப் புது இன்ஜின் வரைந்து கொடுத்தார். இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. கியர்பாக்ஸைக் கையால் கோர்த்த அனுபவம் இல்லாத ஒருவர் பிற்பாடு அந்தக் கீறலைப் பார்த்திருந்தால் அதே மாதிரிதான் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கீறல் விழுந்தால் எல்லாருக்கும் முதலில் என்ன தோன்றும்? சீல் மென்மையாக இருக்கிறது, கெட்டியாகப் போடு. அல்லது சுவர் மென்மையாக இருக்கிறது, அதைக் கெட்டியாக்கு. அவர்களும் அப்படித்தான் தேடினார்கள், குதிரை எலும்பு, மாட்டு எலும்பு வரை சீலாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அது தேய்ந்து விழுந்த கீறலே இல்லை. சீல் சுவரில் வழுக்கிக்கொண்டு போகாமல் துள்ளித் துள்ளிப் போயிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. கரும்பலகையில் சாக்பீஸை ஒரு மாதிரிச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் கிரீச் என்று கத்தும், கோடு புள்ளி புள்ளியாக விழும். சாக்பீஸ் பலகையை விட்டு எழும்பி எழும்பி இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது வாத்தியார் என்ன செய்வார்? சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டு எழுதுவார், சத்தம் நின்றுவிடும். அதே சாக்பீஸ், அதே பலகை. நீளம் குறைந்ததால் அது அதிரும் விதம் மாறிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் லேத் ஓட்டுபவர்களுக்கும் இது தினசரி விஷயம். டூல் அதிர ஆரம்பித்தால் ஜாப் (கடையும் துண்டு) மேல் வரிவரியாக விழும், உடனே ஸ்பீடை மாற்றுவார்கள், இல்லையென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டூலை உள்ளே தள்ளிக் கட்டையாகப் பிடிப்பார்கள். என் மாமாவின் பட்டறையில் விடுமுறைக்குப் போய் நிற்கும்போது இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், காதால் கேட்டே டூலைச் சரி செய்வார்.

ஹிரோஷிமாவிலும் நடந்தது அதுதான். சீல் தன் இயல்பான அதிர்வில் சிக்கிக்கொண்டு துள்ளுகிறது என்று தெரிந்ததும், அந்தச் சின்னப் பட்டையின் முனைக்குப் பக்கத்தில் குறுக்கிலும் நெடுக்கிலும் நுண்ணிய துளைகள் போட்டார்கள். பொருள் அதே உலோகம்தான். துளை போட்டதால் அதிரும் விதம் மாறியது, கீறல் போய்விட்டது! துளை போட்ட சீல் செய்வது கடினம், அதனால் விற்பனைக்கு வந்த காரில் வேறு வழிக்குப் போனார்கள். கார்பனில் அலுமினியத்தை ஊட்டி ஒரு பட்டை செய்தார்கள், கார்பன் தானே வழுக்கும், அலுமினியம் அதற்கு வலு கொடுக்கும். ஆனால் கதவைத் திறந்தது அந்தத் துளைகள்தான். இதை ரிப்பேர் என்று சொன்னால் பிறகு எதைத்தான் கண்டுபிடிப்பு என்று சொல்வது?

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதறலுக்கு ஒரு ரோட்டரை இரண்டாக்கினார்கள், கூட்டின் சுற்றுச்சுவரில் இருந்த உறிஞ்சும் துவாரத்தைப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். மெதுவாக ஓடும்போதும் இன்ஜின் அடங்கி ஓடியது. புகைக்குப் புது ஆயில் சீல். 1967 மே 30ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் விற்பனைக்கு வந்தது, 491 சிசி ரோட்டர் இரண்டு, 110 குதிரைத்திறன். அடுத்த வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்கள் ஓடின. ஒன்று 82வது மணியில் அச்சு போய் நின்றது, இன்னொன்று 4வதாக வந்தது. இன்ஜினில் கோளாறு இல்லை.

அதே 1967ல் என்எஸ்யுவும் ரோ 80 என்ற காரை வெளியிட்டது. மிக அழகான கார், ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் வாங்கியது. ஆனால் முனை சீல் தேய்ந்து தேய்ந்து, உத்தரவாதத்தின் பேரில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொடித்து, 1969ல் வோக்ஸ்வாகனிடம் போய்ச் சேர்ந்தது. கருத்து அவர்களுடையதுதான். ஆனாலும் அந்தச் சின்னப் பட்டை அவர்களைக் கவிழ்த்தது, அதே பட்டை ஹிரோஷிமாவைக் காப்பாற்றியது. உங்கள் வகுப்பு நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ரோட்டரி இன்ஜினின் குறைகளை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அதன் எரியறை நீண்டு தட்டையாக இருக்கும், நெருப்பு மூலை வரை போய்ச் சேராது, சூடு சுவருக்குப் போய்விடும், பெட்ரோல் பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே வரும். அந்த எரியாத வாயுவை புகைக்குழாயில் ஒரு தனி அறை வைத்து எரித்து அமெரிக்காவின் புகைச் சட்டத்தைத் தாண்டினார்கள், அதுவும் யமமோட்டோவின் பிரிவு செய்ததுதான். ஆனால் 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெட்ரோல் குடிக்கும் காரை யார் வாங்குவார்கள்? கம்பெனி தள்ளாடியது, வங்கி உள்ளே வந்தது, தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கார் விற்க ஊர் ஊராக அனுப்பினார்கள். அப்போது யமமோட்டோ இன்ஜினைக் கைவிடச் சொல்லவில்லை, எரிபொருள் செலவில் 40 சதவீதம் முன்னேற்றம் காட்டுகிறோம் என்று இலக்கு வைத்து இறங்கினார். அதிலிருந்து 1978ல் வந்த ஆர்எக்ஸ்-7 கார் 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1984ல் அவரே கம்பெனியின் தலைவரானார். கியர்பாக்ஸ் கோர்த்த இடத்திலிருந்து அந்த நாற்காலிக்கு 38 வருடம்.

1991ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் வைத்த மஸ்டா 787பி வென்றது, ஜப்பானிய கார் ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதன் முனை சீல் பீங்கானில் செய்தது. தலைமுறை மாறினாலும் அவர்கள் கவனம் அந்தப் பட்டையிலேயே இருந்ததைப் பாருங்கள். 2012ல் ஆர்எக்ஸ்-8 கார் உற்பத்தி நின்றதோடு ரோட்டரி முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். யமமோட்டோ 2017ல், 95 வயதில் காலமானார். 2023ல் ஒரு மின்சாரக் காருக்குள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டராக 830 சிசி ஒற்றை ரோட்டர் திரும்பி வந்தது. சக்கரத்தை அது சுற்றுவதில்லை. சின்னதாக இருப்பதும் அதிர்வு குறைவாக இருப்பதும்தான் அங்கே அதற்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

சரி, பேட்டரியா இன்ஜினா என்று கேட்டால், நான் உங்களுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் மின்சாரக் கார் செய்பவர்களை இன்று படுத்துவது என்ன தெரியுமா? இன்ஜின் சத்தம் போய்விட்டதால், அதுவரை யார் காதிலும் விழாத கியரின் ஊளை இப்போது காருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பல்லின் வடிவத்தை மாற்றலாமா, உறையைக் கெட்டியாக்கலாமா, அதிர்வு எந்த வழியாக உடம்புக்கு ஏறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். யமமோட்டோவின் ஆட்கள் எந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களோ அதே கேள்விதான். அதனால் இன்ஜின் மேல் ஆசை என்றால் படியுங்கள், அதிர்வியலை மட்டும் தேர்வுக்காகப் படித்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். வீட்டில் கேட்டால் இந்தக் கியர் ஊளையைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு சனிக்கிழமை போய், டூல் அதிர்ந்து வரி விழுந்த ஜாப் ஒன்று இருந்தால் கேட்டு வாங்கி, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், இரண்டு வரிக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, ஜாப்பின் விட்டம் எவ்வளவு என்று அளந்து, அப்போது எந்த ஸ்பீடில் ஓடியது என்றும் ஓட்டியவரிடமே கேளுங்கள். டூல் நொடிக்கு எத்தனை தடவை துள்ளியது என்று அந்த மூன்று எண்ணை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.