எச்ஐவி இல்லை, ஆனால் குவான்டிஃபெரான் (டிபி தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை) இரண்டு முறையும் ‘இன்டிடெர்மினேட்’ (முடிவு சொல்ல முடியவில்லை). காமா இன்டர்ஃபெரானுக்கு எதிரான ஆன்டிபாடி காரணமாக இருக்குமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்காவுக்கு 48 வயது, கழுத்தில் நெறிக்கட்டு, பயாப்சியில் காசநோய் வகையல்லாத மைக்கோபாக்டீரியா. இருக்கலாம். காமா இன்டர்ஃபெரான் என்பது இத்தகைய கிருமிகளை எதிர்க்க டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சுரக்கும் புரதம்; அதை ஆன்டிபாடி முடக்கினால் எச்ஐவி இல்லாமலே இத்தொற்று வரலாம். அந்த ‘இன்டிடெர்மினேட்’ ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், துப்பே அதில்தான் இருக்கிறது.

குவான்டிஃபெரான் பிளஸ்ஸுக்கு நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. இரத்தம். சாம்பல் மூடி வெறும் குழாய், பச்சையிலும் மஞ்சளிலும் டிபி புரதத் துண்டுகள், ஊதாவில் மைட்டோஜென். மைட்டோஜென் டி செல்களைப் பொதுவாகவே உசுப்பிவிடும். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்தால் காமா இன்டர்ஃபெரான் தாராளமாகச் சுரக்க வேண்டும். டிபி குழாய்கள் நெகட்டிவாக இருந்து, ஊதாவில் சாம்பல் அளவைக் கழித்தபின் 0.5 ஐயு/மி.லி.கூடத் தேறவில்லை என்றால் ‘இன்டிடெர்மினேட்’.

முதலில் சில்லறைக் காரணங்களைக் கழியுங்கள். அறை வெப்பத்தில் 16 மணி நேரத்துக்கு மேல் கிடந்ததா (பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போகும் மாதிரி என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்), குழாயைப் பத்து முறை குலுக்கினார்களா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, லிம்ஃபோசைட் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) குறைவா? எல்லாம் சரியாக இருந்தும் ஊதா மட்டும் படுத்துவிட்டால், செல்கள் சுரந்ததை அவருடைய ஆன்டிபாடியே கவ்விக்கொண்டு, கிட்டின் கண்ணில் படாமல் செய்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் எலைசாவில் (ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ‘ஆன்டிபாடி இருக்கிறது’ என்பது மட்டும் போதாது. இன்டர்லூகின்-1 ஆல்ஃபா, ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற நோய் எதிர்ப்புச் சிக்னல் புரதங்களுக்கு எதிராக ஆரோக்கியமானவர்களிடமே ஓரளவு இருக்கும், கெடுதல் செய்யாது. வேலையை முடக்குகிறதா என்பதே கேள்வி. ஆரோக்கியமானவரின் இரத்தச் செல்களோடு அக்காவின் பிளாஸ்மாவை 10 சதவீதம் கலந்து, காமா இன்டர்ஃபெரான் சேர்த்து, மோனோசைட் என்ற வெள்ளணுவில் ஸ்டாட்1 புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறதா (சிக்னல் செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததன் அடையாளம்) என்று, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்ப்பார்கள். சாதாரண பிளாஸ்மாவில் ஏறி, அவருடையதில் ஏறாவிட்டால் முடக்கும் வகை. ஐவிஐஜி (தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்து நரம்பில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுங்கள். தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடிகளும் அதில் வரும்.

2012-இல் தாய்லாந்து, தைவான் நோயாளிகளிடம் இந்த ஆன்டிபாடிக் கோளாறு விரிவாக விவரிக்கப்பட்டது. அதற்காக, தமிழர் என்று சொல்லி யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

சிகிச்சையின் அடித்தளம் நீண்டநாள் ஆன்டிபயாட்டிக். அடங்காவிட்டால் ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்களைக் குறைக்கும் மருந்தான ரிடுக்ஸிமாப். முன்பு அக்கி, சால்மொனெல்லா கிருமித் தொற்று வந்திருந்தால் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.